ஓடாத ஆற்றை அளப்பது: பாலியாறும் மணல் அகழ்வும்

பாலியாறு வவுனியா வடக்கில் தொடங்கி, வவுனிக்குளத்தை நிரப்பி, பின்னர் மேற்கே மன்னார் மாவட்டத்தின் ஊடாகச் சென்று பாக்குநீரிணையில் கலக்கிறது. துணுக்காய், மாந்தை கிழக்குப் பிரதேசங்களின் வயல்களும் கிணறுகளும் கால்நடைகளும் இந்த ஆற்றையும் அதன் கிளைகளையும் அவை நிரப்பும் குளங்களையும் நம்பியிருக்கின்றன. 2009இல் போர் முடிந்தபின் வன்னியில் வீடு, வீதி, பாலம், பாடசாலை என எல்லாவற்றையும் ஒரே தசாப்தத்துக்குள் மீளக் கட்டவேண்டியிருந்தது. இந்திய வீடமைப்புத் திட்டத்தின் கீழ் மட்டும் வடக்கிலும் கிழக்கிலும் 46,000 வீடுகள் திட்டமிடப்பட்டன. அவ்வளவுக்கும் மணல் வேண்டும். அது ஆறுகளில் இருந்தது. இன்று வன்னியின் ஆற்றுப்படுக்கைகளில் மணல் அள்ளுவது பற்றிய முறைப்பாடு இல்லாமல் ஒரு மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டம் முடிவது அரிது.

இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான். அகழ்வு நடக்கும் இடத்தை அடுத்து ஓடும் நீரின் அளவையும் தரத்தையும் எப்படிக் கண்காணிப்பது? இதற்குப் பாடநூல்களில் ஒரு விடை இருக்கிறது: தளத்துக்கு மேலே ஓரிடம், கீழே ஓரிடம் தெரிவுசெய், குறித்த கால இடைவெளியில் இரண்டிலும் நீர் எடு, ஓட்டத்தையும் அள, இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அகழ்வின் விளைவு. ஆண்டு முழுவதும் ஓடும் ஆற்றுக்கு இது பொருந்தும். பாலியாறு போன்ற பருவகால ஆற்றில் இதே முறையை ஒழுங்காகக் கடைப்பிடித்தாலும், அறிக்கையில் பெரும்பாலும் குறை எதுவும் தெரியாது என்பதே என் வாதம். குறை தெரியாததற்குக் காரணம் ஆறு நலமாக இருப்பது அல்ல. அளக்கும் இடமும் காலமும் பொருளும் தவறாகத் தெரிவுசெய்யப்படுவதுதான்.

இதுவரையான புரிதல்

ஆற்றுமணல் அகழ்வு பற்றிய ஆய்வுலகில் அடிக்கடி மேற்கோளாகும் கட்டுரை மத்தியாஸ் கொண்டொல்ஃப் 1997இல் எழுதியது. அணைக்கட்டுகளும் அகழ்வும் சேர்ந்து ஆற்றின் மணல் வரவைக் குறைக்கும்போது, கீழே செல்லும் நீர் தன் சுமையைத் தேடிப் படுக்கையையும் கரையையும் அரிக்கிறது என்பதை அவர் விளக்கினார். அப்படிப்பட்ட நீரைப் பசித்த நீர் என்று அவர் அழைத்தார். கேரள ஆறுகளை நெடுங்காலம் ஆராய்ந்த பத்மலால், மாயா இருவரும் 2014இல் வெளியிட்ட நூல் படுக்கை தாழ்வது, கிணற்றுநீர் இறங்குவது, பாலத்தூண்களின் அடித்தளம் வெளிப்படுவது ஆகியவற்றைத் தொகுத்துத் தந்தது. ஐக்கிய நாடுகள் சுற்றாடல் திட்டம் 2022இல் வெளியிட்ட அறிக்கை, உலகம் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 5,000 கோடித் தொன் மணலையும் சரளையும் பயன்படுத்துவதாகக் கணக்கிட்டது. இவற்றில் பெரும்பகுதி ஓயாது ஓடும் ஆறுகளின் அனுபவம். மாதக்கணக்கில் வறண்டு கிடக்கும் ஆற்றுக்கு அதை அப்படியே எடுத்து வரமுடியாது.

இலங்கையில் நன்கு அறியப்பட்ட உதாரணம் களனி கங்கை. பல ஆண்டு மணல் அகழ்வால் அதன் கீழ்ப்பகுதிப் படுக்கை கடல்மட்டத்துக்கும் கீழே தாழ்ந்தது. வறட்சிக் காலத்தில் ஓட்டம் குறைந்ததும் கடல்நீர் ஆற்றினுள் ஏறிவர, கொழும்புக்குக் குடிநீர் எடுக்கும் அம்பத்தளை நிலையம் பாதிக்கப்பட்டது. ஆற்றின் குறுக்கே மணல்மூட்டை அடுக்கித் தடுக்கவேண்டி வந்தது. இதில் நாம் கவனிக்கவேண்டியது, உப்பைக் கொண்டுவந்து கொட்டியவர் யாரும் இல்லை என்பது. நீரின் தரம் கெட்டது படுக்கையின் உயரம் மாறியதால். அகழ்வுத் தளத்தின் அருகே எடுத்த நீர் மாதிரி எதுவும் அதை முன்கூட்டிச் சொல்லியிருக்காது. படுக்கையை ஆண்டுதோறும் அளந்த ஒருவர் சொல்லியிருப்பார்.

வன்னியைப் பொறுத்தவரை இரண்டு குரல்கள் கேட்கின்றன. ஒன்று ஊர்மக்களினதும் பத்திரிகைகளினதும் குரல்: கரை இடிகிறது, கிணறு வற்றுகிறது, இரவில் டிப்பர் ஓடுகிறது. மற்றது அலுவலகக் குரல்: உரிமம் இருக்கிறது, அனுமதித்த கியூப் அளவு மீறப்படவில்லை, மீறியவர்கள் மீது வழக்கு இருக்கிறது. முதற் குரலிடம் எண் இல்லை. இரண்டாவது குரலிடம் எண் இருக்கிறது; ஆனால் அது லொறியில் ஏறிய மணலின் எண், ஆற்றில் எஞ்சிய மணலின் எண் அல்ல. வாதம் ஆண்டுக்கணக்கில் நகராமல் நிற்பதற்கு இது போதுமான காரணம்.

ஆற்றின் ஆண்டு

வன்னியின் மழையில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரை கொட்டித் தீர்ந்துவிடும். இடைப்பருவ மழையும் வடகீழ்ப் பருவக்காற்றும் ஒன்றன்பின் ஒன்றாக வரும் அந்த மாதங்களில் பாலியாறு இரு கரை தொட்டு ஓடும். சில நாட்களில் கரை கடந்தும் ஓடும். 2018 டிசம்பர் 21, 22ஆம் திகதிகளில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை மூழ்கடித்த வெள்ளத்தை இங்கு யாரும் மறக்கவில்லை. பங்குனிக்குப் பின் ஓட்டம் நூலாகி, வைகாசியில் அறுந்து, ஆடி ஆவணியில் படுக்கை வெறும் மணலாகக் கிடக்கும். ஆங்காங்கே மடுக்களில் மட்டும் நீர் நிற்கும்.

மணல் அள்ளுபவருக்கு வாய்ப்பான காலம் எது? உழவு இயந்திரமும் பெக்கோவும் இறங்கக்கூடிய வறண்ட காலம். நீர் அளப்பவருக்கு வாய்ப்பான காலம் எது? ஆற்றில் நீர் ஓடும் மாரிக்காலம். அகழ்வு மும்முரமாக நடக்கும் மாதங்களில் மேலும் கீழும் ஒப்பிட ஓடுநீர் இல்லை. ஓடுநீர் வரும் மாதங்களில் அகழ்வு ஏறக்குறைய நின்றிருக்கும். வெள்ளம் குழிகளையும் ஓரளவு தூர்த்திருக்கும். வெள்ளக்காலத்தில் எல்லா இடத்து நீரும் கலங்கலாகவே இருப்பதால், தளத்துக்கு மேலே எடுத்த போத்தலுக்கும் கீழே எடுத்த போத்தலுக்கும் வித்தியாசம் தெரியாது. அகழ்வும் அளவீடும் ஆண்டு முழுவதும் ஒன்றையொன்று சந்திக்காமலே போய்விடலாம்.

நீரை இறைத்து வெளியேற்றும் சுரங்கங்களின் கதை வேறு. தமிழ்நாட்டின் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்துடன் கிடக்கும் நிலத்தடிநீரை இரவுபகலாக இறைத்தால்தான் சுரங்கம் மூழ்காமல் இருக்கும். 1961இல் முதல் நிலக்கரி வெளிப்பட்ட காலம் தொட்டு அந்த இறைப்பு நடக்கிறது. அங்கே சுரங்கமே ஓர் ஓடையை உண்டாக்குகிறது. அந்த ஓடையின் வாயில் நின்று அளவும் தரமும் பார்ப்பது இயல்பான வழி. ஆற்றுமணல் தளத்தில் வெளியேற்றுக் குழாய் கிடையாது. அது எதையும் ஆற்றுக்குள் விடுவதில்லை, ஆற்றிலிருந்து எடுக்கிறது. விடப்பட்டதைப் பிடிக்க வடிவமைத்த வலையில் எடுக்கப்பட்டது அகப்படாது.

மணலுக்குள் இருக்கும் நீர்

எடுக்கப்பட்டது என்ன என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கவேண்டும். இலங்கையின் நிலத்தடிநீர்த் தொகுதிகளை ஆறு முதன்மை வகைகளாகப் பிரித்த பானபொக்கேயும் பெரேராவும் (2005) ஆற்று வண்டற் படிவுகளில் தங்கும் நீரை ஒரு தனி வகையாகவே காட்டினர். துணுக்காய்ப் பகுதியைப் போலக் கீழே கடும்பாறையும் மேலே மெல்லிய சிதைவுப் படையும் உள்ள நிலத்தில், ஆற்றுமணல் விதிவிலக்கான ஒரு கொடை. பாறை நிலத்துக் கிணற்றில் நீர் பிளவுகளை நம்பியது. இடத்துக்கு இடம் அளவும் தரமும் மாறும். உலர்வலயத்தின் கடும்பாறைக் கிணறுகளில், குறிப்பாக வவுனியாப் பக்கம், புளோரைட்டுச் செறிவு குடிநீர் எல்லையைத் தாண்டுவது தெரிந்த சங்கதி. ஆற்றுமணலில் தங்கும் நீரோ அண்மைக்கால மழைநீர். பெரும்பாலும் உப்பும் புளோரைட்டும் குறைந்தது. கோடையில் படுக்கையில் பூவல் தோண்டி நீர் எடுத்த வழக்கம் வெறும் வசதிக்காக ஏற்பட்டதல்ல. சுவையான நீர் எங்கே இருக்கிறது என்பது அனுபவத்தால் தெரிந்திருந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இது அளந்த எண் அல்ல. அளவின் பருமனை உணரவைக்கும் உதாரணம் மட்டுமே. 50 மீற்றர் அகலமான படுக்கையில் ஒரு கிலோமீற்றர் நீளத்துக்கு ஒரு மீற்றர் ஆழ மணலை எடுத்தால் 50,000 கன மீற்றர்; வியாபாரக் கணக்கில் ஏறத்தாழ 17,700 கியூப். கரடுமுரடான ஆற்றுமணலின் கன அளவில் கால்பங்கை வடிந்து கிடைக்கக்கூடிய நீராகக் கொண்டால், அந்த மணல் பிடித்துவைத்திருக்கக்கூடியது 12,500 கன மீற்றர், அதாவது 1.25 கோடி லீற்றர். நாளொன்றுக்கு 400 லீற்றர் செலவழிக்கும் குடும்பங்கள் இருநூறுக்கு ஐந்து மாதக் கோடைக்கு அது போதும். உண்மையில் இக்கணக்கு இவ்வளவு நேராக இராது. மணலுக்குள் இருக்கும் நீர் சரிவை நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும், கரைமரங்கள் உறிஞ்சும். ஆனாலும் இழப்பின் திசையில் ஐயமில்லை. படுக்கை ஒரு மீற்றர் தாழ்ந்தால் இரு கரையிலும் உள்ள நிலத்தடிநீர் தாழ்ந்த படுக்கையை நோக்கி வடியும். அகழ்ந்த குழியில் திறந்து கிடக்கும் நீர் வெயிலில் நாள்தோறும் சில மில்லிமீற்றர் ஆவியாகும். மணலின் கீழே மூடிக்கிடந்தபோது அந்த இழப்பு மிகக் குறைவு.

தமிழ்நாட்டின் பாலாறு இந்த வகையில் நமக்குக் களனியைவிட நெருங்கிய உறவு. ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கும் அந்த ஆற்றின் படுக்கையில் உறிஞ்சு கிணறுகள் இறக்கி, காஞ்சிபுரம் முதல் தாம்பரம், கல்பாக்கம் வரை பல ஊர்களுக்கு நீர் எடுத்தார்கள். மணல் போகப்போக அக்கிணறுகளின் வரவும் குறைந்தது. அங்கே 2003 ஒக்டோபரில் மாநிலக் கனிம விதிகளில் 38அ என்ற விதி சேர்க்கப்பட்டு, ஆற்றுமணல் அள்ளும் உரிமை தனியாரிடமிருந்து அரசுக்கு மாற்றப்பட்டது. அதன் பின்னரும் முறைப்பாடுகள் ஓயவில்லை. அள்ளுபவர் மாறினார், எவ்வளவு அள்ளலாம் என்பதை ஆற்றிடம் கேட்கும் பழக்கம் மட்டும் வரவில்லை. இந்தியச் சுற்றாடல் அமைச்சின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டி, ஆண்டுதோறும் மாரிக்கு முன்னும் பின்னும் படுக்கையை அளந்து மீள்படிவைக் கணக்கிடவேண்டும் என்று வற்புறுத்தியது. களத்தில் அது எவ்வளவு நடக்கிறது என்பது வேறு கதை. கொள்கையளவில் அது சரியான கேள்வியைக் கேட்கிறது.

பாலியாற்றில் இந்தக் கேள்விக்கு இன்னொரு கூர்மை உண்டு. வவுனிக்குளம் பழங்காலக் குளம். 1950களில் புனரமைக்கப்பட்டுக் குடியேற்றத் திட்டமானது. மேலிருந்து வரும் மணல் குளத்தின் வாயிலேயே படிந்துவிடும். வான் பாயும்போது கட்டைக் கடந்து போவது பெரும்பாலும் நீரும் நுண்களியும். எனவே குளத்துக்குக் கீழே எடுக்கும் ஒவ்வொரு கியூப் மணலும், அணைக்கட்டுக்குக் கீழ் வந்து சேரும் சிற்றோடைகள் கொண்டுவரும் சிறு வரவிலிருந்தோ, நூற்றாண்டுகளாகச் சேர்ந்த முதலிலிருந்தோதான் வரவேண்டும். குளத்துக்கு மேலேயும் கீழேயும் ஒரே அளவுகோலில் உரிமம் வழங்குவது, நீரியல் அடிப்படையில், பொருளற்றது.

ஓட்டத்தை அளப்பதில் ஒரு பொறி

ஆற்றின் ஓட்ட அளவை நேரடியாக எவரும் ஒவ்வொரு நாளும் அளப்பதில்லை. அளவுத்தூணில் நீர்மட்டத்தைப் படிப்பார்கள். சில நாட்களில் ஓட்டமானியை இறக்கி வேகத்தையும் குறுக்குவெட்டுப் பரப்பையும் அளந்து, மட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் உள்ள தொடர்பை ஒரு வளைகோடாக வரைவார்கள். அதன்பின் மட்டம் தெரிந்தால் ஓட்டம் தெரியும். இந்த ஏற்பாடு முழுவதும் ஓர் எடுகோளில் நிற்கிறது: படுக்கை மாறவில்லை.

மணல் அகழ்வு மாற்றுவது அந்தப் படுக்கையைத்தான். படுக்கை அரை மீற்றர் தாழ்ந்த ஆற்றில் முந்திய அதே ஓட்டம் தூணில் குறைந்த மட்டத்தைக் காட்டும். பழைய வளைகோட்டை வைத்துப் படிப்பவர் ஆற்றில் நீர் குறைந்துவிட்டது என்று எழுதுவார். மழையைக் குறை சொல்வார். கீழேயுள்ள வயலுக்கு வெள்ள எச்சரிக்கை கொடுக்கவேண்டிய இடத்தில் இது சிறிய பிழை அல்ல. இதே பிழையை நமக்கு உதவும்படி திருப்பிக்கொள்ளவும் முடியும். ஒரே ஓட்ட அளவுக்குரிய மட்டத்தை ஆண்டாண்டாக ஒப்பிட்டு, அது இறங்கிக்கொண்டே போகிறதா என்று பார்ப்பது நீரியலாளர் நெடுங்காலமாகக் கையாளும் உத்தி. இறங்கினால் படுக்கை தாழ்கிறது. அகழ்வுத் தளத்துக்குப் போகாமலே, உரிமப் பத்திரத்தைப் பார்க்காமலே, அகழ்வின் கூட்டு விளைவை இதில் காணலாம். சட்டவிரோதமாக இரவில் எடுத்த மணலும் இக்கணக்கிலிருந்து தப்பாது.

பாலியாற்றுக்கு ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. வவுனிக்குளமே ஒரு பெரிய அளவுப் பாத்திரம். நாளாந்த குளமட்டம், துருசு வழி விட்ட நீர், வான் பாய்ந்த நேரமும் உயரமும், மழை, ஆவியாதல் ஆகியவை தெரிந்தால் மேலிருந்து வந்த நீரைக் கழித்துக் கணக்கிடலாம். குளமட்டத்தைப் படிப்பது நீர்ப்பாசனத்துக்குப் பொறுப்பானவர்களின் அன்றாட வேலை. காலபோகமும் சிறுபோகமும் அந்தப் படிப்பை வைத்தே திட்டமிடப்படுகின்றன. புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை. இருக்கும் பதிவுகளை வேறொரு கேள்வியோடு மீண்டும் படிக்கவேண்டும். ஆனால் 1980களின் நடுப்பகுதி முதல் 2009 வரை இப்பகுதியில் எந்தத் தொடர் அளவீட்டுக்கும் சூழல் இருக்கவில்லை. பழைய காலத்தோடு இன்றைய ஆற்றை ஒப்பிடும் எவரும் அந்த இடைவெளியை ஒரு நேர்கோடால் தாண்டிவிடக்கூடாது.

தரம்: எதை, எப்போது

தரம் பற்றிய அறிக்கைகளில் நான் கண்ட பொதுக் குறை, ஆய்வுகூடத்தால் அளக்க முடிந்ததையெல்லாம் அளந்துவிட்டு எதையும் கேட்காமல் விடுவது. இலங்கைத் தர நிர்ணயம் 614இன் அட்டவணையை (2013 திருத்தம்) எடுத்து, ஒரு போத்தல் நீரை அதனோடு ஒப்பிட்டு, எல்லைக்குள் என்று கையெழுத்திடுவது எளிது. அந்தத் தரம் குழாய்நீர் குடிப்பவரைக் காப்பதற்கானது. 2019 நவம்பரில் வர்த்தமானியில் வந்த சூழல் நீர்த்தர ஒழுங்குவிதிகள் ஆறு குளங்களுக்கென்றே வகைபிரித்து எல்லைகள் விதித்தன. ஆற்றை மதிப்பிட அதுவே பொருத்தமானது. அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: அகழ்வு தொடங்குமுன் அந்த ஆற்றின் இயல்பு என்ன என்று தெரிந்திருக்கவேண்டும்.

மணல் தளத்தில் பொருள்படக்கூடிய அளவீடுகள் சிலவே. கலங்கலும் நீரில் தொங்கும் திண்மமும் முதலாவது. ஒக்டோபரில் முதல் வெள்ளம் குழிகளின் தளர்ந்த களியை அள்ளிக்கொண்டு போகும் அந்தச் சில மணிநேரத்தில்தான் தளத்தின் முத்திரை தெரியும். மாதம் ஒருமுறை வாகனத்தில் வருபவர் அதைப் பிடிக்கமாட்டார். அதற்கு எளிய உபாயம் ஒன்று இருக்கிறது: ஒரு கம்பத்தில் வெவ்வேறு உயரத்தில் வளைந்த குழாய் பொருத்திய போத்தல்களைக் கட்டிவைத்தால், வெள்ளம் ஏற ஏற ஒவ்வொன்றாகத் தானே நிரம்பும். ஆள் இல்லாத நேரத்தில், இரவில், மழையில் வரும் ஓட்டத்தையும் அது பிடித்துவைக்கும். திடீரென ஓடிவரும் ஆறுகளுக்கென்றே பல தசாப்தங்களுக்கு முன் உருவான கருவி இது. உள்ளூர்க் கைவினைஞர் செய்யக்கூடியது.

இரண்டாவது, கோடையில் குழிகளில் தேங்கும் நீர். ஓட்டமின்றி வெயிலில் கிடக்கும் நீரில் கரைந்த ஒட்சிசன் குறையும். அடியிலுள்ள இரும்பும் மங்கனீசும் கரைந்து வரலாம். இயந்திரங்களிலிருந்து ஒழுகும் டீசலும் எண்ணெயும் மேலே படரும். மாடுகள் குடிப்பது இந்த நீரைத்தான். கரைந்த ஒட்சிசனையும் காரகாடித் தன்மையையும் இடத்திலேயே அளக்கவேண்டும். போத்தலில் அடைத்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினால் போய்ச்சேர்வது வேறொரு நீர். மூன்றாவது மின்கடத்துதிறன். ஆற்றின் கீழ்ப்பகுதியில், கடல் நெருங்கும் இடத்தில், படுக்கை தாழ்ந்தால் உவர் உள்ளே வருகிறதா என்பதை ஒரு சிறிய கைக்கருவி சொல்லிவிடும். களனியில் பிந்திக் கற்ற பாடத்தை இங்கே முந்திக் கற்கலாம். யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுபோகும் பாலியாற்று நீர்த்திட்டம் 2024ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் இடம்பெற்றபின், கீழ்ப்பகுதியின் உவர்த்தன்மை மன்னார்க் கரையோரத்தின் பிரச்சினை மட்டும் அல்ல.

நைத்திரேற்றும் பொசுபேற்றும் அளக்கவேண்டியவைதான். ஆனால் அவற்றை மணல் தளத்தின் தலையில் கட்டக்கூடாது. வயலுக்கு இட்ட உரம் வடிந்து வரும் ஆற்றில் அவை எங்கும் இருக்கும். பாறை நிலத்திலிருந்து வரும் புளோரைட்டும் அப்படியே. அகழ்வை எதிர்ப்பவர்கள் இப்படிப்பட்ட எண்களைத் தூக்கிப்பிடித்து, அடுத்த கூட்டத்தில் ஒரு புவியியலாளரின் ஒற்றைக் கேள்வியில் தோற்றுப்போவது அவர்களது வழக்கையே பலவீனப்படுத்துகிறது.

எனவே இவை எல்லாவற்றுக்கும் மேலாக நான் வைப்பது, ஆய்வுகூடமே தேவைப்படாத இரண்டு அளவீடுகளை: படுக்கையின் குறுக்குவெட்டு, மணலுக்குள் நீர்மட்டம். துளையிட்ட பிளாத்திக்குக் குழாய்களைப் படுக்கையில் தளத்துக்கு மேலும் கீழும் இறக்கி, மாசி முதல் புரட்டாதி வரை வாரம் ஒருமுறை நீர்மட்டம் பார்த்தால், அகழ்வும் அளவீடும் கடைசியில் ஒரே பருவத்தில் சந்திக்கும். கரையோரக் கிணறுகளையும் சேர்த்துக்கொண்டால் ஒவ்வொரு கமக்காரர் அமைப்பும் ஒரு கயிறும் நாடாவும் கொண்டு செய்யக்கூடிய வேலை இது.

மாகாணத்தின் நீர், கொழும்பின் மணல்

ஏன் இது நடப்பதில்லை? தொழினுட்பத்தைக் காட்டிலும் அதிகாரப் பிரிப்பில் விடை இருக்கிறது. 13ஆம் திருத்தத்தின்படி, ஒன்றுக்கு மேற்பட்ட மாகாணங்களில் ஓடும் ஆறுகள் தவிர்ந்த மற்றவற்றின் நீர்ப்பாசனம் மாகாணத்துக்குரியது. பாலியாறு வவுனியா, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களுக்குள் முடிந்துவிடுவதால் அதன் நீர்ப்பாசனம் வடமாகாணத்தின் பொறுப்பு. சிறு குளங்கள் 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் இன்னொரு திணைக்களத்திடம் இருக்கின்றன. அதே ஆற்றின் மணலோ 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருட்கள் சட்டத்தின் கீழ்க் கனியம். அதற்கு உரிமம் கொடுப்பது புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம், மத்திய நிறுவனம். நீரின் தரம் 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடம். நிலத்தடிநீருக்கு நீர்வள சபை. குடிநீருக்குத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை. ஒவ்வொன்றும் தன் பங்கைப் பதிவுசெய்தாலும், படுக்கை எவ்வளவு தாழ்ந்தது என்பது எவருடைய படிவத்திலும் ஒரு கட்டமாக இல்லை.

கண்காணிப்பு முழுவதும் போக்குவரத்தில் குவிந்திருப்பதும் இதன் விளைவே. வீதியில் வாகனத்தை மறித்து அனுமதிப்பத்திரம் பார்ப்பதுதான் நடைமுறையில் உள்ள பெரிய கட்டுப்பாடு. 2019 டிசம்பரில் மணல், மண் போக்குவரத்துக்கு அனுமதிப்பத்திரம் தேவையில்லை என அமைச்சரவை முடிவெடுத்தபோது, அந்த ஒற்றைக் கட்டுப்பாடும் ஒரே நாளில் தளர்ந்தது; விவகாரம் நீதிமன்றம் வரை போனது. ஆற்றிலேயே அளவீடு இருந்திருந்தால் வீதியில் தளர்ந்ததை ஆற்றில் கண்டிருக்கலாம்.

சட்டத்தில் இடம் இல்லாமல் இல்லை. எப்பாவல பொசுபேற்று வழக்கில் உயர் நீதிமன்றம் 2000 ஜூனில் வழங்கிய தீர்ப்பு, இயற்கை வளத்தை அரசு மக்களுக்காகப் பாதுகாக்கும் பொறுப்பாளராக வைத்துப் பேசியது. விரிவான ஆய்வு நடந்து முடிவுகள் வெளியாகும் வரை அகழ்வு ஒப்பந்தம் கூடாது என்றது. அது மாபெரும் அகழ்வுத் திட்டம். பாலியாற்றில் நடப்பது சிறுசிறு உரிமங்களின் கூட்டம். தனித்தனியாக எதுவும் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டின் வாசலைத் தொடுவதில்லை. கூட்டு விளைவை அளப்பதற்கு ஆறு முழுவதையும் ஓர் அலகாகக் கொள்ளும் அளவீடு வேண்டும் என்பது இங்கே நிர்வாக வசதிக்காக எழும் கோரிக்கை அல்ல. தீர்ப்பின் தர்க்கத்தைச் சிறு அகழ்வுக்கு நீட்டினால் வந்துசேரும் இடம்.

எதிர்வாதங்கள்

மணல் எடுப்பதால் குளம் தூர்வதைத் தடுக்கலாம் என்ற வாதத்தைத் தள்ளிவிட முடியாது. வவுனிக்குளத்து ஆற்றுவாயில் படியும் மணல் குளத்தின் கொள்ளளவைத் தின்கிறது. அதை ஒழுங்காக எடுத்தால் விவசாயிக்கும் வீடு கட்டுபவருக்கும் நன்மை. அலைகரையில் அள்ளுவதை ஆற்றின் நடுப்பகுதியில் அள்ளுவதோடு ஒன்றாக்கி எதிர்ப்பது சரியல்ல. கரையோரம் அல்லாமல் வாயிலில், அளந்த ஆழத்துக்குள் எடுப்பதற்கு முன்னுரிமை கொடுக்கலாம். அதற்கும் குறுக்குவெட்டு அளவீடுதான் வேண்டும். இன்னொரு வாதம், ஒவ்வொரு மாரியும் ஆறு தன் மணலைத் தானே நிரப்பிக்கொள்கிறது என்பது. குளத்துக்கு மேலே இது ஓரளவு உண்மையாக இருக்கலாம். ஆனால் மாரிக்குப் பின் ஒரு குழி மூடியிருப்பது, அந்த இடத்துக்கு மேலே வேறெங்கோ கரை இடிந்து வந்த மண்ணாகவும் இருக்கலாம். மூடிய குழியைக் கண்ணால் பார்ப்பது சான்றாகாது.

தொழிலை நம்பிய குடும்பங்களின் வாதம் இவற்றைவிடக் கனமானது. மீள்குடியேறிய பகுதியில் உழவு இயந்திரம் ஒன்றைத் தவணைக்கு வாங்கிய ஒருவருக்கு மணல் ஏற்றம் ஒரு பருவத்து வருமானம். முழுத்தடை வந்தால் பெருமுதலாளிகளின் டிப்பர் இரவில் ஓடும். உழவு இயந்திரக்காரர் பகலில் பிடிபடுவார். அளவீடு தடைக்கான ஆயுதமாக மட்டும் பயன்பட்டால் அதற்கு ஊரின் ஒத்துழைப்புக் கிடைக்காது என்று நினைக்கிறேன்.

தொடங்கக்கூடிய இடம்

பாலியாற்றைக் கடக்கும் பாலங்களும் பாலப்பாதைகளும் அசையாத அடையாளங்கள். அவற்றின் தூண்களில் இன்றைய படுக்கை மட்டத்தை நிறமிட்டுக் குறித்து, ஒவ்வொன்றிலும் ஒரு குறுக்குவெட்டை அளந்து, அளந்த புள்ளிகளைப் பிரதேச செயலகத்தில் எவரும் பார்க்கும்படி தொங்கவிடுவதற்குப் புதிய சட்டமோ நிதியோ வேண்டியதில்லை. இரண்டு தடவை போதும்: புரட்டாதியில், மழைக்கு முன், மாசியில், வெள்ளம் வடிந்தபின். முதல் எண் கோடை முழுவதும் அள்ளியதன் விளைவைச் சொல்லும். இரண்டாவது, மாரி எவ்வளவு திருப்பித் தந்தது என்பதைச் சொல்லும். உரிமங்கள் புதுப்பிக்கப்படுவது இந்த இரண்டாவது எண் வந்தபிறகாக இருக்கவேண்டும். இப்போது அவை புதுப்பிக்கப்படுவது அந்த எண் இல்லாமலே.